சோழபுரம் வரைக்கும் கேட்ட சத்தம்

மூன்றாவது பாட்டின் பாதியில் ஐயாதுரை கையைத் தூக்கினார்.

தபேலா நின்றது. டிரம்ஸ் நின்றது. பாடிக்கொண்டிருந்த செல்லத்தாய் மைக்கிலிருந்து வாயை எடுத்தாள். ஒத்திகைக் கொட்டகையின் தகரக் கூரைமேல் ஆனி மாதக் காற்று தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஒருவன் மட்டும் நிறுத்தவில்லை. சிவப்புப் பெயிண்ட் அடித்த பேஸ் கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடியபடி தடித்த கம்பியைச் சுண்டிக்கொண்டே இருந்தான். வாசல் வேம்பில் கட்டியிருந்த புனல் ஸ்பீக்கர் அவனுக்காக 'டொக், டொக், டொக்' என்று பேசியது.

கிருபாபாய் அப்போதுதான் ஷிப்டு முடிந்து வந்திருந்தாள். தலைமுடியில் மில் பஞ்சு. கையில் காலித் தூக்குவாளி. உள்ளே போய்ப் புருஷனின் முழங்கையைத் தொட்டாள். சௌந்தரபாண்டியன் கண்ணைத் திறந்தான். கம்பி அடங்கியது.

"சௌந்தரு, நீ கிடார் வாசிக்கியா, மரங்கொத்தி வளக்கியா?" என்றார் ஐயாதுரை. இன்னிசைக் குழு அவருடையது. இராஜபாளையத்தில் கல்யாணம், காதுகுத்து, கொடை எதுவானாலும் அவர் குழுவைத்தான் முதலில் கேட்பார்கள்.

எல்லாரும் சிரித்தார்கள். சௌந்தரபாண்டியனும் சிரித்தான். சிரிப்பு எதற்கு என்று அவனுக்குத் தெரியாது என்றுதான் கிருபாபாய் நினைத்தாள். என்ன சொல்கிறார் என்று மனைவியிடம் கண்ணால் கேட்டான். கிருபாபாய் அந்தப் பேச்சை அவனிடம் கொண்டுபோகவில்லை. உள்ளங்கையைக் காட்டி, 'நிறுத்தச் சொன்னாங்க' என்று மட்டும் சைகை செய்தாள்.

ஐயாதுரை அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, அவன் கைக்குக் கொறை சொல்லலே. தாளம் தப்பவே தப்பாது. ஆனா பேஸுன்னா பாட்டுக்கு அடியில தரை மாதிரி கெடக்கணும். இவன் செட்டுல கம்பி தட்டுற சத்தந்தான் வருது. அடிச்சத்தம் எங்கே? நானும் மூணு மாசமாப் பாத்துட்டேன்."

மூலையில் கிடந்த நீளமான அட்டைப்பெட்டியைக் கண்ணால் காட்டினார். மெட்ராஸிலிருந்து வந்த கீபோர்டு. வாசிக்கப்போவது அவருடைய மச்சினன் காமராஜ்.

"அதுல பேஸ் சத்தமும் இருக்கு. வலது கை பாட்டு வாசிக்கும், இடது கை பேஸ் வாசிக்கும். இவன் இடத்துல காமராஜோட இடது கை போதும்."

"அவிய இருவது பாட்டு மனப்பாடம் பண்ணி வச்சிருக்காவ அண்ணாச்சி."

"அதனாலதான் ஒன்கிட்ட சொல்லுதேன். அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு மறு ஞாயிறு ஸ்ரீவில்லிபுத்தூர்ல கல்யாண வரவேற்பு. அன்னைக்கு ஒழுங்கான ஆம்ப் செட்டு வந்துச்சுன்னா மேடையில நிப்பான். வரலேன்னா நான் வேற வழி பாக்கணும்."

"கொண்டாரேன்."

"இந்தச் செட்டையும் நீதானே தாயி கொண்டாந்தே?"

கொண்டுவந்தது அவள்தான்.

*

சவுண்டு சர்வீஸ் தனுஷ்கோடிக்குச் சோழபுரம் ரோட்டில் ஷெட்டு. கோயில் கொடைக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் செட்டு கட்டுகிறவர். அந்த வட்டாரத்தில் செட்டை எடைபோட ஒரே ஒரு வழிதான் உண்டு. இங்கே பாட்டைப் போட்டுவிட்டு, ஓர் ஆளைச் சைக்கிளில் அனுப்புவார்கள். சத்தம் தேயும் இடத்தில் அவன் இறங்கி, ஊர் பேரைக் கேட்டு வருவான். மூன்று ஊர் தாண்டினால் நல்ல செட்டு. சோழபுரம் தாண்டினால் அதைப்போல் செட்டு கிடையாது.

பங்குனியில் கிருபாபாயும் அப்படித்தான் செய்தாள். விடிகாலையில் தனுஷ்கோடி ஆம்பிளிபயரைப் போட்டார். சௌந்தரபாண்டியன் கிடாரை வாசித்தான். அவள் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனாள். பருத்திக்காடு தாண்டி, கரிசல் மேடு தாண்டி, சோழபுரத்துக் கம்மாக்கரையில் இறங்கி நின்றாள். காற்று வாக்கில் வந்து விழுந்தது, 'டொக், டொக்'. அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப்போயிற்று. தன் புருஷனின் கை சோழபுரம் வரைக்கும் கேட்கிறது. அன்றைக்கே அந்தச் செட்டை விலை பேசி முடித்துவிட்டாள்.

தூரம் கேட்டது உண்மை. கேட்டது என்ன என்பதை அவள் கவனிக்கவில்லை.

*

ராத்திரிச் சோற்றுக்குச் சீனியவரைக்காய்ப் பொரியலும் பருப்புத் துவையலும். சௌந்தரபாண்டியன் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். கிருபாபாய் ஐந்து விரலையும் குவித்து வாய்ப்பக்கம் ஒருதரம் ஆட்டினாள். 'சாப்பிட்டாச்சா?' என்று மில்லில் கேட்கிற சைகை.

நூல் நூற்கும் ரிங் ஃபிரேம்கள் ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் காதில் ஏறாது. அதனால் மில்லுக்குள் எல்லாருக்கும் கைதான் வாய். நடுவிரலும் ஆள்காட்டி விரலும் கத்திரி போல் வெட்டினால் நூல் அறுந்தது. ஒரு உள்ளங்கைமேல் இரண்டு விரலை ஓட்டினால் நூல் அறாமல் ஓடுகிறது. கையைக் கீழே அமுக்கினால் வேகத்தைக் குறை. கிருபாபாய்க்கும் சௌந்தரபாண்டியனுக்கும் இடையில் கல்யாணப் பேச்சே இந்தக் கைகளில்தான் தொடங்கியது, இருபது ஃபிரேமுக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும்.

பதினாறு வருஷம் அந்த இரைச்சலில் நின்றதில் அவனுக்குக் காது போயிற்று. முழுசாகப் போகவில்லை. மேல்ஸ்தாயியில் உள்ள சத்தம் எல்லாம் போயிற்று. சைக்கிள் மணி கேட்காது. கிருபாபாய் கூப்பிட்டால் கேட்காது. லாரி வருவது கேட்கும். இடி கேட்கும். மில்லில் அவனைக் குடோனுக்கு மாற்றினார்கள். டீக்கடையில் நாலு பேர் பேசிச் சிரிக்கையில் அவன் வெறுமனே டம்ளரைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒருநாள் மதுரையில் ஒரு கடையில் இந்தச் சிவப்புக் கிடாரைப் பார்த்தான். இருந்ததிலேயே விலை குறைந்தது. கம்பியைச் சுண்டி, மரத்தில் நெஞ்சை வைத்தான். கேட்டது. முழுசாகக் கேட்டது. அன்றிலிருந்து ஏழு பேர் கூடி ஒன்றைச் செய்யும்போது அவனும் அதற்குள் இருந்தான். மேடையில் மட்டும் அவன் செவிடன் இல்லை.

"ஐயாதுரை என்ன சொன்னாவ?" என்றான். அவன் பேச்சு கொஞ்சம் உரக்கத்தான் வரும்.

அவள் வாயை நன்றாகத் திறந்து, மெதுவாகச் சொன்னாள். "வேற ஆம்ப் வேணுமாம்."

"மரங்கொத்தின்னு சொன்னாவளாக்கும். ஒதட்டைப் பாத்தேன்."

கிருபாபாய் அவன் தட்டில் பொரியலை வைத்தாள்.

"விட்டுருவோம் ஏட்டி. கிடாரே மட்டம். மட்டக் கிடாருக்கு எந்த ஆம்ப் வச்சு என்ன செய்ய?"

"கிடாரைக் கொடுங்க, நான் கொண்டுபோறேன்."

"எங்கே?"

"கேட்டுட்டு வாரேன். தப்பாத் தேடுனது நான். நானே தேடுதேன். நீங்க சோத்தைத் தின்னுங்க."

*

வார விடுமுறை நாளில் கிடாரைப் போர்வையில் சுற்றி, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினாள். கண்டக்டர் மூட்டையைத் தட்டிப் பார்த்தார்.

"என்னக்கா இது, மண்வெட்டியா?"

"கிடாரு."

"வாசிப்பீயளா?"

"வாசிக்கத் தெரிஞ்சா இப்படிப் போர்வை சுத்தியா கொண்டுபோவேன்? தள்ளுங்கண்ணே, கழுத்து ஒடிஞ்சிரும்."

ரேடியோ மெக்கானிக் பால்சாமியின் கடை பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப்பக்கம், பால்கோவா அடுப்புப் புகை சதா வந்து விழும் சந்து முனையில், ரோட்டைப் பார்த்தபடி இருந்தது. பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் இருந்து வந்தவர். நரைத்த கிராப்பு. சாலிடரிங் இரும்பைக் காதில் சொருகாத குறையாகக் கையிலேயே வைத்திருந்தார். அவள் கதையை முழுசாகக் கேட்டார். புனல் ஸ்பீக்கர் என்றதும் தலையை ஆட்டினார்.

"யம்மா, புனலு மனுசன் பேச்சுக்குச் செஞ்சது. தூரத்துக்குப் போவும். அடிச்சத்தம் அது வழியா வெளிய வராது. பேஸுக்கு ஸ்பீக்கருக்குள்ள அதிருத காகிதம் பெருசா வேணும், பெரிய பெட்டி வேணும். ஒங்க ஊர்ல சைக்கிள்ல போயிக் கேட்டீயளோ?"

"சோழபுரம் வரைக்கும்."

"நல்லாப் போனீய. இங்கயும் அப்படித்தான் கேக்குறாவ. நான் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சிப் போச்சு."

கிடாரை வாங்கித் திருப்பினார். பின்மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தார். "கம்பியில கொறை இல்ல. உள்ள வயரு சும்மா தொங்குது. அதான் 'ங்ஙீ'ன்னு இரையும்." மேசை டிராயரிலிருந்து சிகரெட் பெட்டித் தங்கத்தாள்களை எடுத்து, உட்பள்ளம் முழுக்க ஒட்டி, ஒரு வயரைப் பற்றவைத்தார். அரைமணி நேரம் ஆயிற்று. பக்கத்துக் கடை டீயும் வடையும் வந்தன.

"இப்ப மூணு வைக்கேன். நீங்க கேளுங்க."

முதலாவது சின்னப் பெட்டி. கறுப்புத் துணி, சிவப்பு லைட்டு. கிடாருக்கென்றே விற்பது என்றார். கம்பியைச் சுண்டினார். இனிமையாக இருந்தது. கிருபாபாய்க்கு அப்போதே பிடித்துவிட்டது. ஆனாலும் பங்குனியில் பட்டது மறக்கவில்லை.

"அண்ணாச்சி, நான் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் நிக்கேன். நீங்க விடாம வாசிங்க."

"மறுபடியும் சைக்கிளா?"

"தூரத்துக்கு இல்ல. பஸ்ஸு போவட்டும், லாரி போவட்டும், அதுக்கு நடுவுல கேக்கான்னு பாக்கேன். மேடையில டிரம்ஸு, தபேலா எல்லாம் இரையுமில்லா."

பால்சாமி அவளை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார்.

எதிரே பூட்டிய கடையின் பலகைக் கதவில் சாய்ந்து நின்றாள். வத்திராயிருப்பு பஸ் உறுமிக்கொண்டு வந்தது. சின்னப் பெட்டி அந்த உறுமலில் காணாமல் போயிற்று. சத்தத்தைக் கூட்டச் சொல்லிக் கையைத் தூக்கினாள். பால்சாமி திருகினார். 'பர்ர்ர்' என்று காகிதம் அடித்துக்கொண்டது. தெருவில் போன இருவர் நின்று பார்த்துச் சிரித்தார்கள்.

இரண்டாவது, பெரிய மைக்செட் ஆம்பிளிபயர். கூட இரண்டு நீட்டுப் பெட்டிகள். நல்ல பலம். ஆனால் எல்லாம் கணீர் கணீர் என்றது. கம்பியின் உரசல், விரலின் நகம் எல்லாம் கேட்டது. அடியில் ஒன்றும் இல்லை. அவள் விரல்கள் தாமாகவே கத்திரி போல் வெட்டின.

மூன்றாவதைப் பால்சாமி உள்ளறையிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தார். அலமாரி உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி. முன்பக்கத் துணி கிழிந்து தொங்கியது. மேலே தூசி படிந்த வால்வு ஆம்பிளிபயர்.

"வத்திராயிருப்புப் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸ மூடுனாவ. தெரைக்குப் பின்னாடி நின்ன பெட்டி. பதினஞ்சு இஞ்சு ஸ்பீக்கரு. யாரும் கேக்க மாட்டேங்காவ. ஏன்னா ஊரு தாண்டாது."

வால்வு சூடேறச் செத்த நேரம் ஆயிற்று. தடித்த கம்பியைச் சுண்டினார்.

கடைக்குள் நின்றபோது கிருபாபாய்க்கு முகம் விழுந்துவிட்டது. மங்கலாக, போர்வைக்குள் யாரோ பேசுவது போல இருந்தது. இதைக் கேட்டால் ஐயாதுரை என்ன பேர் வைப்பாரோ. இருந்தாலும் ரோட்டைத் தாண்டிப் போய், அதே பலகைக் கதவில் சாய்ந்தாள்.

ஒரு லாரி வந்தது. பின்னாலேயே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. காதில் அந்த இரைச்சல்தான் நிறைந்திருந்தது. ஆனால் பின்னால் ஊன்றியிருந்த உள்ளங்கையில் ஏதோ ஊர்ந்தது.

அவள் திரும்பினாள். பலகையில் இரண்டு கையையும் விரித்து வைத்தாள். ஃபிரேமின் தலைப்பில் கை வைத்தால் அன்றைக்கு மெஷின் எப்படி ஓடுகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். பேரிங் தேய்ந்ததைக்கூட, மெஷின் பார்க்கும் பிட்டர் கண்டுபிடிப்பதற்கு முன்னால் அவள் சொல்லியிருக்கிறாள். அந்த மாதிரி ஒரு நடுக்கம். பஸ் போன பிறகும் அறாமல், ஒரே சீராக, பலகை வழியாக ஓடி முழங்கை வரைக்கும் ஏறியது. ஒவ்வொரு சுண்டலும் தனித்தனியாகத் தெரிந்தது.

அவளுடைய புருஷன் இவ்வளவு காலமும் நெஞ்சை மரத்தில் வைத்துக் கேட்டது இதைத்தான் என்று அவளுக்கு அப்போது புரிந்தது.

ரோட்டைத் தாண்டி வந்து, "இதைக் கொடுங்க" என்றாள்.

"ஒண்ணு சொல்லிப்புடுதேன். இது சத்தம் கொறைச்சல், ஒடம்பு ஜாஸ்தி. பழைய காகிதம். இந்தத் திருகு அஞ்சைத் தாண்டக்கூடாது. தாண்டுனா கிழிஞ்சிரும், பொறவு என்கிட்ட வராதீய. மேடையில எல்லாவனும் கூட்டுவான். ஒங்க வீட்டுக்காரருக்கும் கை பரபரங்கும். தாங்குவாரா?"

"தாங்குவாவ."

"காது கேக்காதவருன்னு சொன்னீய. எப்படித் தெரியும் அவருக்கு, வெளிய எப்படிக் கேக்குன்னு?"

"நான் வெளியிலதான நிப்பேன்" என்றாள் கிருபாபாய்.

பெட்டி வீடு வந்து சேர்ந்ததும், கிழிந்த துணிக்குப் பதிலாக, பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் வேலைபார்க்கிற பேண்டேஜ் கம்பெனியிலிருந்து கழிவுக் காஸ் துணி வாங்கி, இரண்டு மடிப்பாக இழுத்து ஆணி அடித்தாள். சௌந்தரபாண்டியன் முதல்நாள் அதைத் திரும்பியே பார்க்கவில்லை. இரண்டாம் நாள் வயரைச் சொருகினான். மூன்றாம் நாளிலிருந்து, சாப்பிடக் கூப்பிட அவள் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டியிருந்தது.

*

கல்யாண மண்டபத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்கே பெட்டி வந்து இறங்கியது. ஐயாதுரை இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, பொண்ணுக்குச் சீர் பீரோவா? காயத்துக்குக் கட்டு வேற போட்டிருக்கு."

"பாட்டு ஆரம்பிக்கட்டும் அண்ணாச்சி."

மேடை என்பது இரும்புக் கால்மேல் பலகை. பெட்டியை அதன்மேல் வைத்துக் கம்பியைச் சுண்டியதும் மேடை முழுக்க 'ஊம்ம்ம்' என்று உறுமியது. தபேலாக்காரர் காதைப் பொத்தினார். செல்லத்தாயின் மைக் ஸ்டாண்டு தானாக ஆடியது. காமராஜ் கீபோர்டின் பின்னாலிருந்து, "மாமா, அண்டாவுக்குள்ள எருமை கத்துன மாதிரி இருக்கு. நானே வாசிச்சிருதேன்" என்றான்.

சௌந்தரபாண்டியன் எல்லார் முகத்தையும் பார்த்தான். மெதுவாக வயரைப் பிடுங்கக் கையை நீட்டினான்.

கிருபாபாய் மேடை ஓரத்துக்கு வந்தாள். "அதைப் பிடுங்காதீய. காமராஜு, இந்தப் பக்கம் ஒரு கை பிடி. பெட்டியைக் கீழ இறக்கணும்."

"கீழயா? ஆளுக மறைச்சுக்கிடுவாவ."

"மறைக்கட்டும். பலகைமேல ஃபிரேமை நிறுத்துனா ஆடத்தான் செய்யும். சிமெண்டுத் தரையிலதான் நிக்கணும்."

முனகிக்கொண்டே பிடித்தான். மேடைக்குப் பக்கத்தில், சிமெண்டுத் தரையில் பெட்டி உட்கார்ந்தது. உறுமல் நின்றது. ஐயாதுரை மணியைப் பார்த்தார். மாப்பிள்ளையும் பெண்ணும் வந்துவிட்டார்கள்.

"காமராஜு, நீ இடது கையையும் சேத்து வாசி. எதுக்கும் இருக்கட்டும்."

கிருபாபாய்க்கு அது கேட்டது. சௌந்தரபாண்டியனுக்குக் கேட்கவில்லை. அவள் மண்டபத்தின் கடைசிக்கு நடந்தாள். சாப்பாட்டுக்கூடத்துக்குப் போகிற பெரிய மரக்கதவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

முதல் பாட்டில் கீபோர்டின் இடது கையும் கிடாரும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குழம்பின. எது எவருடையது என்று தெரியவில்லை. இரண்டாம் பாட்டில் டிரம்ஸ்காரன் வேகம் பிடித்தான். கூட்டம் கூடியது. காமராஜ் சத்தத்தை ஏற்றினான். சௌந்தரபாண்டியன் தலையைச் சாய்த்தான். தன் கம்பி மற்றதில் அமுங்குகிறது என்று அவனுக்குப் பட்டிருக்க வேண்டும். ஒரு அடி இறங்கி, ஆம்பிளிபயர் திருகின்மேல் விரலை வைத்தான். திருகு நாலரையில் நின்றது. அவன் கண் கூட்டத்துக்கு மேலே அவளைத் தேடியது.

இருநூறு தலைக்கு அப்பால் கிருபாபாய் கையை உயரத் தூக்கி, கீழே அமுக்கினாள். கூட்டாதே.

அவன் புருவத்தை உயர்த்தினான். மறுபடியும் அமுக்கினாள். ஒரு கையைக் கதவில் ஊன்றிக்கொண்டே அமுக்கினாள்.

அவன் விரலை எடுத்தான். மேடையில் ஏறி, அதே அளவில், அதே சீரில் வாசித்தான்.

ஐயாதுரைக்கு ஒரு பழக்கம் உண்டு. மூன்றாம் பாட்டில் மேடையைவிட்டு இறங்கி, மண்டபத்தின் கடைசி வரை நடந்து கேட்பார். வந்தார். அவள் பக்கத்தில் நின்றார்.

"பேஸு பெருசாக் கேக்கலியே தங்கச்சி."

"கதவுல கையை வைங்க அண்ணாச்சி."

"என்னது?"

"உள்ளங்கைய வைங்க."

அவர் சிரித்துக்கொண்டே வைத்தார். சிரிப்பு அப்படியே கொஞ்சநேரம் உதட்டில் நின்றது. பிறகு இறங்கிவிட்டது. பல்லவி முடிந்தது, சரணம் தொடங்கியது. கையை எடுக்கவில்லை. சாப்பாட்டுக்கூடத்திலிருந்து வெளியே வந்த பெரியவர் ஒருவர், "வழி விடுங்கய்யா" என்றபோதுதான் எடுத்தார்.

"அவன் வாசிக்கிறதுதானா இது? காமராஜு கையில்லியே?"

"காமராஜுக்கு இம்புட்டுச் சீரு உண்டா? நீங்களே சொல்லுங்க."

ஐயாதுரை வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து நடந்தார். மேடையில் ஏறினார். காமராஜின் பின்னால் போய், அவனுடைய இடது மணிக்கட்டைப் பிடித்துக் கட்டையிலிருந்து தூக்கி, மடியில் கொண்டுபோய் வைத்தார். காமராஜ் திரும்பி ஏதோ கேட்டான். அவர் விரலை உதட்டில் வைத்தார்.

அந்தக் குழப்பம் சட்டென்று விலகியது. செல்லத்தாயின் குரல் மேலே போயிற்று. தபேலா அதன் கீழே. எல்லாவற்றுக்கும் கீழே, அவசரமே இல்லாமல், சிவப்புக் கிடார் நடந்தது. கதவு நடுங்கியது. சாப்பாட்டுக்கூட வாசலில் வைத்திருந்த குடிதண்ணீர் அண்டாவில் வட்டம் வட்டமாகத் தண்ணீர் அசைந்தது.

சௌந்தரபாண்டியன் நடந்ததைப் பார்த்தான். மணிக்கட்டு தூக்கப்பட்டதைப் பார்த்தான். அவன் கண் நேராகக் கடைசிக்கு வந்தது.

கிருபாபாய் கதவிலிருந்து கையை எடுத்தாள். எல்லாருக்கும் மேலே தூக்கி, இடது உள்ளங்கையின்மேல் இரண்டு விரலை ஓட்டினாள். நூல் அறாமல் ஓடுகிறது.

பாட்டு தடித்த கம்பிக்கு வந்தது. விரல் பதிக்க வேண்டாத கம்பி. வலது கை மட்டும் சுண்டினால் போதும். அவனுடைய இடது கை கிடாரின் கழுத்திலிருந்து கழன்றது. மேடையில், அத்தனை பேருக்கும் நடுவில், ஐந்து விரலையும் குவித்து வாய்ப்பக்கம் ஒருதரம் ஆட்டினான்.

சாப்பிட்டாச்சா?

இன்னும் இல்லை என்று அவள் தலையை ஆட்டினாள். கதவில் மறுபடியும் கையை ஊன்றிக்கொண்டாள்.